பத்தே முக்கால்

காலை பத்தே முக்காலுக்கும்
இலை வாட்டும் மாடியில்
காற்றாடிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.
நிறுத்த முடியாது.
நொதிக்கும் தூளுக்கு
யாருடைய ஓய்வும் தெரியாது.
இரண்டு அணியாகப் போங்கள் என்றார் மேனேஜர்,
சுற்றறிக்கையின் அடியில்
சிவப்பு மையில் கோடிழுத்து:
ஆளுக்குப் பத்து நிமிடம்.

செவ்வாய்தோறும் அந்தப் பெண் வருவாள்.
வினோதினி, கோயம்புத்தூர்.
மேட்டுப்பாளையம் தாண்டியதும்
வளைவுக்கு வளைவு வயிறு புரண்டு,
மூக்கில் வைத்த எலுமிச்சம்பழத்தோடு
கட்டபெட்டில் இறங்குவாள்.
மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தர வந்தவளுக்கு
முதல் கால் மணி நேரம்
மூச்சே பிடிபடாது.

முதல் வாரம்
சலிப்பறையிலேயே நிற்க வைத்தாள்.
“கண்ண மூடுங்க. நல்லா ஆழமா இழுங்க.”
மூக்கைச் சுற்றிய துணியை விலக்காமலே
சந்தானமேரி கேட்டாள்:
“எத இழுக்கறது மேடம், தூளையா?”

சல்லடைகள் அதிர்ந்துகொண்டிருந்தன.
வினோதினி கண்ணைத் திறந்து
சன்னல் வெளிச்சத்தில் மிதந்ததைப் பார்த்தாள்.
தன் கைப்பையில்,
தன் வெள்ளைச் சட்டையின் மடிப்பில்,
நாக்கில்.
ஒன்றும் பேசாமல்
கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து விறகு முற்றம்.

தோளைச் சுழற்றுகிறோம்.
மணிக்கட்டை உதறுகிறோம்.
குதிகால் உயர்த்தி நிற்கையில்
மல்லம்மா என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள்,
நான் விறகைப் பிடித்துக்கொள்கிறேன்.
அடுப்பு முன்னிருந்து வந்த சிவனாண்டியின் முதுகில்
மூடுபனி பட்டு
ஆவி கிளம்புகிறது.
“நீயே ஒரு பாய்லர்டா” என்கிறார்கள்.
சிரிப்பும் பயிற்சியில் சேர்த்தி என்கிறாள் வினோதினி.

போஜன் மட்டும் கண்ணை மூடியதும்
மூக்கை உள்ளே அனுப்பிவிடுவான்.
பச்சை வாசம் போய்ப்
பழ வாசம் ஏறும் அந்த நொடி
முற்றத்திலிருந்தே தெரியும் அவனுக்கு.
இழுத்த மூச்சை விடாமலே ஓடுவான்.
“இவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க?” என்றாள் ஒருநாள்,
என்னைப் பார்த்து.

நான் ஃபிட்டர்.
மூன்றாம் ரோலரின் பேரிங் தேய்வது
கேன்டீனில் டீ குடிக்கும்போதே கேட்கும்.
ஆபரேட்டரை வைவேன்:
எத்தனை நாளா சத்தம் வருது?
அன்னிக்கே சொல்ல வேண்டாமா?

ஐந்தாவது வாரம்.
“பாதத்துல ஆரம்பிங்க. மெதுவா மேல வாங்க.
எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நில்லுங்க.”
கணுக்கால் வந்தேன்.
இடது முழங்காலில் நின்றுவிட்டேன்.
கிரீஸ் வற்றிய இரும்பு
இரும்போடு பேசுவது போல
ஏதோ ஒன்று.
சிமென்ட் தரையில் மண்டியிட்டு
இருபத்திரண்டு வருடம்.
எத்தனை நாளா சத்தம் வருது?
அன்னிக்கே சொல்ல வேண்டாமா?
முழங்கால் பதில் சொல்லவில்லை.
நானும் யாரிடமும் சொல்லவில்லை.

பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள்.
பயனடைந்தோர்: பதினான்கு.
பரிந்துரை என்ற கட்டத்தில்
வினோதினி வாராவாரம் எழுதுவது
ஒரே வரிதான்:
சலிப்பறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்.
மோட்டார் எரிந்து பதினோரு மாதம்.
புதுசுக்கு நான் எழுதிக்கொடுத்த கடிதம்
மேனேஜர் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
பத்திரமாக இருக்கிறது.

அந்த வியாழன் இரவு
மூன்றாம் ரோலர் நின்றது.
ஸ்பேனரை எடுத்தேன்.
மண்டியிடப் போன கால்
பாதியில் தயங்கியது.
மூலையில் கிடந்த காலிச் சாக்கை
இரண்டாக மடித்துப்
போட்டேன்.
“என்ன பிட்டரே, மெத்தை கேக்குதோ?” என்றான் ஆபரேட்டர்.

ஆமாம் என்றேன்.
டார்ச்சை நேராப் பிடி.